பேனா நிற்கும் இடம்

இயற்பியல் கணக்கு என்பது நாலு வரிக் கதை. ஒரு பந்து, ஒரு மொட்டைமாடி, இரண்டு மூன்று அளவுகள், கடைசியில் ஒரு கேள்வி. அதைப் படித்துப் படமாக வரைய வேண்டும். அந்தப் படத்தில் எந்த விதி வேலை செய்கிறது என்று முடிவுசெய்ய வேண்டும். விதியைச் சமன்பாடாக எழுதித் தீர்க்க வேண்டும். வந்த விடை கதைக்குப் பொருந்துகிறதா என்று கடைசியில் பார்க்க வேண்டும். இவற்றில் சமன்பாட்டைத் தீர்ப்பது மட்டும்தான் கணிதம். மற்றவை எல்லாம் இயற்பியல். பிளஸ் ஒன்னில் இயக்கவியலை முழு அளவில் சந்திக்கும் மாணவரின் பேனா பெரும்பாலும் நிற்பது அந்த மற்ற இடங்களில். கைடு புத்தகமும் டியூஷன் பலகையும் உதவிக்கு வருவதோ சமன்பாட்டிலிருந்துதான். 'எந்த ஃபார்முலா?' என்று கேட்டு, எண்களைப் பிரதியிட்டு, விடையின் கீழ் இரண்டு கோடு போடுவதோடு உதவி முடிந்துவிடுகிறது. மாணவர் நின்ற இடம் தொடப்படாமலேயே கிடக்கிறது.

முதல் தடங்கல் வாசிப்பில் வருகிறது. கணக்கைக் கையில் எடுத்ததும் மாணவர் எண்களை மட்டும் அடிக்கோடிடுகிறார். ஆனால், தரப்பட்ட தகவலில் பாதி, சொற்களுக்குள் இருக்கிறது. 'ஓய்விலிருந்து புறப்படுகிறது' என்றால் தொடக்கத் திசைவேகம் பூஜ்ஜியம். 'வழவழப்பான தளம்' என்றால் உராய்வு இல்லை. 'லேசான கயிறு' என்றால் கயிற்றின் நிறையை விட்டுவிடலாம். 'சீரான திசைவேகத்தில் செல்கிறது' என்ற மூன்று சொற்கள், பொருளின் மீதான நிகர விசை பூஜ்ஜியம் என்ற பெரிய செய்தியைச் சொல்கின்றன. இந்தச் சொற்கள் கணக்கு எழுதுபவர்களின் குழூஉக்குறி. யாராவது ஒருமுறை அவிழ்த்துக் காட்டாவிட்டால், 'இன்னும் ஒரு மதிப்பு கொடுக்கவில்லையே' என்று மாணவர் கணக்கின் மீதே சந்தேகப்படுவார். கணக்கை மூடிவைத்துவிட்டு, அதில் நடப்பதைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னால் போதும். புரிந்தது எவ்வளவு, புரியாதது எது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தமிழ்வழியில் படிப்பவருக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. மளிகைக் கடையில் எடை 5 கிலோ. இயற்பியலிலோ 5 கிலோகிராம் என்பது நிறை, அதன் எடை ஏறத்தாழ 50 நியூட்டன். சக்தி, ஆற்றல், திறன், வலிமை எல்லாம் பேச்சில் ஒன்றுக்கொன்று மாறி வரும். பாடத்தில் ஆற்றலுக்கு ஜூல், திறனுக்கு வாட். இவற்றைவிடச் சிக்கலானது 'வேலை'. அரிசி மூட்டையைத் தலையில் வைத்துச் சமதளத்தில் சீராக நடக்கும் தொழிலாளி, மூட்டையைத் தாங்க மேல்நோக்கித் தரும் விசை செய்யும் வேலை பூஜ்ஜியம் என்கிறது பாடம். மூட்டை சுமப்பவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இதை ஏற்க மறுப்பது நியாயமானது. அந்த மறுப்பை அடக்காமல், இரண்டையும் சொல்ல வேண்டும்: மூட்டைக்கு அந்த விசையால் ஆற்றல் எதுவும் சேரவில்லை, ஆனால், தொழிலாளியின் தசைகள் சுருங்கி விரிவதில் அவருடைய உடல் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. களைப்பு பொய்யல்ல, பாடத்தில் 'வேலை' என்பது வேறொன்றின் பெயர். திசைவேகம் என்ற சொல்லோ நேர்மாறாக, தன் இலக்கணத்தைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறது. திசையும் வேண்டும், வேகமும் வேண்டும். இந்த வசதியைத் தமிழில் பாடம் நடத்துபவர்கள் இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம்.

அடுத்த தடங்கலை ஒரே கணக்கை வைத்து நிதானமாகப் பார்ப்பது நல்லது. 25 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகிறது. அது எத்தனை நொடியில் தரையைத் தொடும்? ஈர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்ளலாம். எல்லாப் புத்தகங்களிலும் ஏதோ ஓர் உருவில் இருக்கும் கணக்கு இது. மாணவர் எழுதுவது இப்படி: தூரம் 25, வேகம் 20, பந்து மேலே போவதால் முடுக்கம் கழித்தல் 10. இயக்கச் சமன்பாட்டில் போட்டு 5-ஆல் வகுத்தால், காலத்தின் வர்க்கம், கழித்தல் காலத்தின் 4 மடங்கு, கூட்டல் 5, சமம் பூஜ்ஜியம் என்று ஒரு இருபடிச் சமன்பாடு வருகிறது. அதைத் தீர்க்கப் போனால் வர்க்கமூலத்துக்குள் கழித்தல் 4 நிற்கிறது. பேனா நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் வழக்கமாகக் கிடைக்கும் உதவி, '25-க்கு மைனஸ் போடு' என்பது. போட்டால் விடை 5 நொடி என்று வந்துவிடும். மாணவரும் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்: விடை வராவிட்டால் எங்காவது குறியை மாற்றிப் பார்க்க வேண்டும். இதைவிடக் கெடுதலான பாடத்தை இயற்பியல் வகுப்பு தர முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: '25 என்று எழுதியது எதிலிருந்து எதுவரை?' கையிலிருந்து தரைவரை என்று பதில் வரும். தரை கைக்கு மேலா, கீழா? கீழே. மேல்நோக்கிய 20-க்குக் கூட்டல் என்று வைத்துக்கொண்டால், கீழே இருக்கும் இடத்துக்கு என்ன குறி? இந்த மூன்று கேள்விகளுக்குப் பிறகு கழித்தல் குறியை மாணவரே போட்டுவிடுவார். சமன்பாட்டில் வருவது பந்து கடந்த தூரம் அல்ல, இடப்பெயர்ச்சி என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கும். புத்தகத்தில் அதை அவர் முன்பே மனப்பாடம் செய்திருப்பார்.

இத்தோடு விட்டுவிடக் கூடாது. மாணவர் முதலில் எழுதிய தவறான சமன்பாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். அது உண்மையில் கேட்ட கேள்வி என்ன? பந்து எறிந்த இடத்துக்கு மேலே 25 மீட்டரில் எப்போது இருக்கும் என்பது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து 2 நொடியில் 20 மீட்டர்வரை ஏறி நின்றுவிடும். 25 மீட்டரை அது எட்டவே எட்டாது. கணிதம் அதைத்தான் சொன்னது. மாணவரின் தவறான சமன்பாடு, வேறொரு கேள்விக்குச் சரியான பதிலைத் தந்திருக்கிறது. தான் எழுதியது குப்பையல்ல என்று தெரியும்போது ஒரு பிள்ளையின் முகத்தில் வரும் மாற்றம், சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய ஒன்று.

சரியான சமன்பாட்டுக்கும் இரண்டு விடைகள் உண்டு: 5, கழித்தல் 1. 'காலம் மைனஸில் வராது' என்று சொல்லி இரண்டாவதை அடித்துவிடுவது வழக்கம். ஆனால், அதற்கும் பொருள் இருக்கிறது. எறிவதற்கு ஒரு நொடி முன்பு இதே பந்தைத் தரையிலிருந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் யாராவது எறிந்திருந்தால், அது சரியாக அந்த நொடியில் 25 மீட்டர் உயரத்தை 20 மீட்டர் வேகத்தில் கடந்திருக்கும். சமன்பாட்டுக்குக் கட்டடமும் தெரியாது, கையும் தெரியாது. பந்தின் பாதை மட்டுமே தெரியும். பந்து தரையில் விழும் வேகமும் அதே 30 என்பது இதோடு ஒத்துப்போகிறது. கணக்கை இரண்டாகப் பிரித்தும் சரிபார்க்கலாம்: ஏற 2 நொடி, அங்கிருந்து 45 மீட்டர் விழ 3 நொடி, மொத்தம் 5. ஒரு கணக்குக்கு இப்படி அரைமணி நேரம் கொடுப்பது, அதே அரைமணியில் பத்துக் கணக்குகளை முடிப்பதைவிட நிச்சயமாக மேல்.

விசைக்கு வரும்போது தடங்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. மேலே சுண்டப்பட்ட நாணயம் ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் மீது என்னென்ன விசைகள் என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் இரண்டு அம்புக்குறி வரைகிறார்கள். கீழ்நோக்கி ஈர்ப்பு, மேல்நோக்கி 'கை கொடுத்த விசை'. அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் 1982-ல் வெளியிட்ட ஆய்வு, பொறியியல் மாணவர்களிடமும் இதே படத்தைக் கண்டது. இயங்கும் பொருளுக்குள் விசை தங்கியிருக்கும் என்ற எண்ணம் சோம்பலால் வந்ததல்ல. தள்ளினால்தான் வண்டி நகரும், விட்டால் நின்றுவிடும் என்று பிறந்தது முதல் பார்த்த அனுபவத்திலிருந்து வந்தது. உராய்வு கண்ணுக்குத் தெரியாது. நின்றுபோன வண்டி தெரியும். நாணயம் உச்சியில் இருக்கும்போது முடுக்கம் பூஜ்ஜியம் என்று எழுதுவதற்கும் வேர் இதுதான்.

ஃபார்முலா போட்டுக் கணக்குப் போடுவதால் இந்த எண்ணம் கலைவதில்லை என்பதற்குச் சான்று உண்டு. 1992-ல் டேவிட் ஹெஸ்டெனெஸும் அவருடைய சகாக்களும் விசை பற்றிய புரிதலைச் சோதிக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். அதில் கணக்கே கிடையாது. அன்றாட நிகழ்வுகளைச் சொல்லி என்ன நடக்கும் என்று கேட்கும் கொள்குறி வினாக்கள். லாரியும் சிறு காரும் மோதினால் எது எதன் மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்றவை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மஸூர் இத்தகைய தேர்வொன்றைத் தன் வகுப்பில் வைத்தபோது, 'நீங்கள் கற்றுக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா' என்ற பொருளில் ஒரு மாணவி கேட்டதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இன்னும் கூர்மையான சான்று தென் கொரியாவிலிருந்து 2002-ல் வந்தது. 27 மாணவர்கள், ஒவ்வொருவரும் 300 முதல் 2,900 வரை, சராசரியாகச் சுமார் 1,500 கணக்குகள் போட்டுப் பழகியவர்கள். ஆனாலும் இயக்கவியலின் அடிப்படையில் பலருக்கு அதே பழைய குழப்பங்கள் இருந்தன. போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. 'நிறையக் கணக்கு போடு, தானாக வரும்' என்று சொல்லும் வீடும் பள்ளியும் இந்த முடிவை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழப்பத்தைக் கலைக்க எளிய கருவி ஒன்று பாடத்திலேயே இருக்கிறது: தனித்த பொருளின் விசைப்படம். பொருளை மட்டும் பிரித்து வரைந்து, அதன் மீதான விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டுவது. ஒவ்வொரு அம்புக்கும் 'இதைத் தருவது யார்?' என்ற கேள்வியைக் கேட்டால் போதும். பூமி, தரை, கயிறு, காற்று என்று ஒரு பெயர் சொல்ல முடிய வேண்டும். நாணயத்தின் மேல்நோக்கிய அம்புக்குப் பெயர் சொல்ல முடியாது. கை விலகிப் போய்விட்டது. பெயர் இல்லாத அம்பை மாணவரே அழித்துவிடுவார்.

லிப்ட் கணக்கு இதற்கு நல்ல பயிற்சி. 50 கிலோகிராம் நிறையுள்ளவர் லிப்டுக்குள் எடை பார்க்கும் கருவியின் மீது நிற்கிறார். நொடிக்கு நொடி 2 மீட்டர் என்ற முடுக்கத்தோடு லிப்ட் மேலே கிளம்பும்போது கருவி தரும் விசை 600 நியூட்டன். முள் 60 கிலோவைக் காட்டும். மாறாத வேகத்தில் ஏறும்போது 50. மேல்மாடியை நெருங்கி, ஏறிக்கொண்டே அதே வீதத்தில் வேகம் குறையும்போது 40. மூன்று நேரத்திலும் லிப்ட் மேலேதான் போகிறது. முள்ளை மாற்றுவது போகும் திசையல்ல, முடுக்கத்தின் திசை என்பதை, லிப்டில் ஏறி இறங்கிய எவரும் தன் வயிற்றில் உணர்ந்திருப்பார்.

எதைத் 'தனித்த பொருள்' என்று எடுப்பது என்பதும் கற்றுக்கொடுக்க வேண்டியதே. வழவழப்பான தளத்தில் 2 கிலோ, 3 கிலோ கட்டைகள் ஒட்டி நிற்கின்றன; 2 கிலோ கட்டையை 10 நியூட்டன் விசையால் தள்ளினால் இரண்டாவது கட்டையின் மீது எவ்வளவு விசை? உடனே வரும் பதில் 10. இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்தால் முடுக்கம் 2. பிறகு 3 கிலோ கட்டையை மட்டும் பிரித்தெடுத்தால் அதற்கு வேண்டியது 6 நியூட்டன்தான். மறுபக்கத்திலிருந்து தள்ளினால் 4. தள்ளும் விசை அப்படியே கடந்து போவதில்லை என்பதை இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

எந்த விதி என்று தீர்மானிப்பது மூன்றாவது தடங்கல். மிஷலின் சீ உள்ளிட்ட மூவர் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் கணக்குகளை வகை பிரிக்கச் சொன்னபோது, புதியவர்கள் சாய்தளக் கணக்கு, கப்பிக் கணக்கு, சுருள்வில் கணக்கு என்று பிரித்தார்கள். துறை அறிந்தவர்கள் ஆற்றல் அழிவின்மைக் கணக்கு, நியூட்டன் விதிக் கணக்கு என்று பிரித்தார்கள். முன்னவர்களின் கண்ணில் பட்டது கணக்கிலுள்ள பொருள். பின்னவர்களின் கண்ணில் பட்டது அதை ஆளும் விதி. பாடப்புத்தகப் பயிற்சி இந்தப் பழக்கத்தை வளர்ப்பதில்லை. பாடத்தின் முடிவில் வரும் கணக்கு அந்தப் பாடத்தின் விதியையே கேட்கும் என்பது மாணவருக்குத் தெரியும். மூன்று பாடங்களிலிருந்து பத்துக் கணக்குகளைக் கலந்து கொடுத்து, எதையும் தீர்க்க வேண்டாம், எந்த விதி, ஏன் அந்த விதி என்று மட்டும் எழுதச் சொல்வது நல்ல வகுப்பு. நேரம் கேட்டால் இயக்க விதி, வேகமும் உயரமும் மட்டும் இருந்தால் ஆற்றல், மோதல் என்றால் உந்தம் என்று மாணவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் சொன்னதற்காக, மாணவரைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டும் என்று பொருளல்ல. முற்றிலும் புதிய பாடத்தில், தீர்த்துவைத்த கணக்கைப் படிப்பது தானே முட்டிமோதுவதைவிட அதிகம் கற்றுத்தரும் என்று ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதத்தை வைத்து 1985-ல் காட்டினார்கள். எப்படிப் படிப்பது என்பதில்தான் வேறுபாடு. சீயின் 1989 ஆய்வில், நன்றாகத் தேறிய மாணவர்கள் ஒவ்வொரு படியிலும் 'இது ஏன்?' என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டவர்கள். மற்றவர்கள் வரிகளைத் திரும்பப் படித்தவர்கள். ஆகவே முதல் கணக்கை ஆசிரியர் முழுதாகச் செய்துகாட்டலாம். அடுத்ததில் கடைசி இரண்டு படிகளை விட்டுவிடலாம். அதற்கடுத்ததில் படத்தை மட்டும் தரலாம். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டு தெளிவாகின்றன என்றும் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டு சொன்னார்.

கடைசிப் படியான சரிபார்த்தல் நம் வகுப்புகளில் ஏறக்குறைய இல்லை. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்? 72-ஐ அப்படியே போட்டவருக்கு 518.4 மீட்டர் என்று வரும். தசம இடத்தோடு எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார். பிரேக் பிடித்த கார் அரைக் கிலோமீட்டர் போகுமா என்று கேட்டால் அவரே சிரித்துவிட்டு, 72-ஐ நொடிக்கு 20 மீட்டராக மாற்றி, 40 மீட்டர் என்று திருத்துவார். வேகம் பாதியானால் 10 மீட்டர். தூரம் பாதியல்ல, கால்பங்கு. பள்ளி வாசலில் வேகக் கட்டுப்பாடு ஏன் என்பதற்கும் இதுவே விளக்கம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பதே ஆசிரியர்களின் கேள்வி. கேள்வி நியாயமானது. நீட் தேர்வு 2025 முதல் 180 நிமிடங்களில் 180 வினாக்கள். அதில் 45 இயற்பியல். சராசரி ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காகக் குறுக்குவழிகளை மனப்பாடம் செய்ய வைப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கணக்கைப் படம் பிடித்தால் தீர்வைக் காட்டும் செயலிகளும் கைபேசியில் வந்துவிட்டன. பேனா நிற்கும் முன்பே விடை வந்துவிடுகிறது. ஆனால், ஒரு நிமிடத்தில் விதியை அடையாளம் காண்பது, ஒரு காலத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து யோசித்தவருக்கே கைகூடுகிறது. கற்கும்போது மெதுவாகப் போனவரே தேர்வில் வேகமாகப் போக முடியும்.

நேரம் கிடைக்க இப்போது ஒரு வாய்ப்பும் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து கைவிடப்பட்டிருக்கிறது. 2017-18-ல் அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டதற்குக் காரணமே, பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடங்களை ஒதுக்கிவிட்டுப் பிளஸ் டூ பாடங்களை முன்கூட்டியே நடத்தியதுதான். அந்தப் பழக்கம் திரும்பினால் இயக்கவியலைத் தொடாமலேயே ஒரு தலைமுறை பிளஸ் டூ முடிக்கும். பள்ளிகள் அதைச் செய்யாமல், பொதுத்தேர்வின் அழுத்தம் நீங்கிய ஓராண்டைக் கணக்கு யோசிக்கும் ஆண்டாக்க வேண்டும். பிளஸ் ஒன் உள்தேர்வுகளில் விசைப்படத்துக்கும், குறித் தேர்வுக்கும், விடையைச் சரிபார்த்து எழுதும் ஒரு வரிக்கும் தனி மதிப்பெண் தரலாம். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை, ஆசிரியர் மனம் வைத்தால் போதும். வாரத்தில் ஒரு பாடவேளையை ஒரே ஒரு கணக்குக்கு ஒதுக்கட்டும். பெற்றோர், பிள்ளை எத்தனை கணக்கு போட்டான் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, போட்ட ஒன்றை விளக்கச் சொல்லிக் கேட்கட்டும்.